அமிர்தாஞ்சன் சீசாவில் இருந்த மண்

ஆயா வீட்டுச் சாமி மாடத்தில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு காலி அமிர்தாஞ்சன் சீசா இருக்கும். உள்ளே மண். சென்னை சாந்தோம் கோயிலில், இயேசுவின் சீடர் தோமையார் கல்லறையிலிருந்து எடுத்தது, கோயில்பிள்ளை தன் கையால் அள்ளிக் கொடுத்தது என்பாள். பேரப்பிள்ளைகளில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் அந்தச் சீசா இறங்கி வரும். தகர மூடியைத் திருகித் திறந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போடுவாள். மண் அடியில் தங்கும்வரை மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லுவாள். பிறகு தெளிந்த தண்ணீரை மட்டும் குடிக்கக் கொடுத்து, அடியில் நின்ற ஈர மண்ணைத் தொட்டு எங்கள் நெற்றியில் சிலுவை போடுவாள். அந்தத் தண்ணீரில் தைலத்தின் வாசனை லேசாக வரும். தோமையாரின் வாசனை அதுதான் என்று ஏழெட்டு வயது வரைக்கும் நம்பியிருந்தேன். இன்றைக்கும் யாராவது தைலம் தடவினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தலைவலி அல்ல, அந்த டம்ளர்தான்.

1999-இல் எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி நூலகத்தில் சரித்திரப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த காலம். மழைக்காலக் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஆயா வழக்கம்போல் சீசாவைத் திறந்து சிட்டிகை மண்ணை விரலிடுக்கில் எடுத்துவிட்டாள். நான் சொன்னேன்: "ஆயா, அங்க தோமையார் எலும்பே இல்ல. எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் இத்தாலியில இருக்கு. நீ குடுக்கறது வெறும் பீச்சு மண்ணு."

அவள் ஒன்றும் பேசவில்லை. டம்ளருக்கு மேலே இருந்த கையைத் திருப்பி, மண்ணைச் சீசாவுக்குள்ளேயே போட்டாள். விரலில் ஒட்டியிருந்ததையும் விளிம்பில் தட்டித் தட்டி உள்ளே விழவைத்தாள். மூடியைத் திருகினாள். "சரி கண்ணு, படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ காய்ச்சல் வந்தது. அந்தச் சீசா என் பக்கம் வரவே இல்லை. வந்தது சுக்குக் காபி மட்டும்தான். அடியில் நறநறவென்று இருக்கும், பனவெல்லத்தைக் கரைத்து வடிகட்டக் கூடாதா என்று அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

நான் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். எலும்புகள் போன வழி ஓரளவுக்குத் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் சிரியாக் மொழிப் புலவர் புனித எப்ரேம் பாடிய பாடல் ஒன்றில் சாத்தான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிறான்: இந்தியாவில் நான் கொன்ற அப்போஸ்தலர் எனக்கு முன்பாகவே எதேசாவுக்கு வந்து சேர்ந்துவிட்டாரே என்று. எதேசா என்பது இன்றைய துருக்கியின் உர்ஃபா. ஒரு வியாபாரி எலும்புகளை அங்கே கொண்டுவந்தார் என்பது அந்தப் பாடல்கள் சொல்லும் செய்தி. எஜேரியா என்ற யாத்திரைப் பெண் 384-இல் அங்கே போய்த் தோமையார் கோயிலில் ஜெபித்ததைத் தானே எழுதிவைத்திருக்கிறாள். 394-இல் எலும்புகளைப் பெரிய கோயிலுக்கு மாற்றினார்கள். 1144-இல் எதேசா துருக்கிய ஆட்சியாளன் ஜெங்கியின் படையிடம் விழுந்தது. அதன் பின் கிரேக்கத் தீவான கியோஸ். 1258-இல் ஓர்த்தோனா ஊர்க்காரர்கள் மூன்று கப்பலில் அந்தத் தீவுக்குப் போய் எலும்புகளையும் கல்லறை மூடுகல்லையும் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலியின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக ஊர் அது. 1566-இல் துருக்கிக் கப்பற்படை அந்தக் கோயிலைக் கொளுத்தியபோதும் எலும்புகள் தப்பின. அங்கிருந்து ஒரு கை எலும்பு 1953-இல் கேரளத்துக் கொடுங்கல்லூருக்கு வந்தது. இந்த வரிசை முழுவதும் அன்றைக்கு எனக்கு மனப்பாடம். அதை யாரும் கேட்காமலே ஆயாவிடம் கொட்டினேன்.

தோமையார் இந்தியாவுக்கு வந்தாரா இல்லையா என்ற சண்டைக்குள் நான் இங்கே போகப் போவதில்லை. 2006-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் தோமையாரின் இந்தியப் பயணத்தைப் பற்றிப் பேசிய இரண்டு வாக்கியத்தை வைத்து இங்கே எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். அரிக்கமேட்டுக்கும் முசிறிக்கும் ரோமக் கப்பல் வந்த காலத்தில் ஒரு யூதர் வந்து இறங்கியிருப்பது முடியாத காரியம் இல்லை. வந்தார் என்பதற்குக் கல்லில் வெட்டிய சாட்சியும் இல்லை. என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. எலும்பு இல்லாத ஒரு குழிக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களே, எதற்கு?

மயிலும் குடமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன பக்கங்களை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். சின்ன ஊர், வியாபாரி வருவதற்கு அங்கே சரக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கிறிஸ்தவரும் முஸ்லிமும் யாத்திரை வருகிறார்கள் என்கிறார். அடுத்து வருவது எனக்கு ஆயாவையே முன்னால் நிறுத்துகிறது. வருகிறவர்கள் தோமையார் உயிர்விட்ட இடத்து மண்ணை எடுத்துப் போகிறார்களாம். முறைக்காய்ச்சல்காரருக்கு அதில் கொஞ்சம் கொடுத்தால் காய்ச்சல் விட்டுவிடுமாம். மண் செந்நிறமாக இருந்தது என்றும் சொல்கிறார். ஆயா சீசாவில் இருந்தது செம்மண் அல்ல. கடற்கரை மணலைப்போல வெளிறிப்போன பழுப்பு. நிறம் மாறிவிட்டது, மருந்து மாறவில்லை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வெனிஸ்காரருக்குத் தெரிந்த வைத்தியம் எங்கள் வீட்டு மாடத்தில் இருந்திருக்கிறது, நான் அதை வெறும் பீச்சு மண் என்றேன்.

தோமையார் இறந்த கதையையும் மார்க்கோ போலோ சொல்கிறார். பரங்கிமலையில் ஜெபித்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்தினார்கள் என்றுதான் நாங்கள் ஞாயிறு மறைக்கல்வியில் படித்தோம். மார்க்கோ போலோ கேட்டுச் சொன்னது வேறு. தோமையார் தன் குடிசைக்கு வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள், அந்த நாட்டில் மயில் அவ்வளவு. ஒருவன் மயிலைக் குறிவைத்து அம்பு விட்டான், அது தோமையாரின் வலது விலாவில் பாய்ந்தது. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ராஜா கட்டளை இல்லை, பூசாரி சதி இல்லை. குறி தவறிய ஓர் அம்பு, அவ்வளவுதான். தோமையாரைப் பற்றி உலகம் முழுக்க உள்ள கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மயிலாப்பூரைத் தவிர வேறெங்கும் பிறந்திருக்க முடியாத கதை அது. அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூசித்த தலம் இது. ஊரின் பெயரிலேயே மயில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சாமி வந்து தங்கினால், அவருடைய சாவுக்கும் ஒரு மயிலைக் கொடுத்துத்தான் இந்த ஊர் அவரைத் தன்னுடையவராக்கிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இதே ஊரில் இன்னொரு எலும்புக் கதையும் உண்டு. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பலையும் எலும்பையும் அவள் அப்பா சிவநேசர் ஒரு குடத்தில் போட்டுக் காத்துவைக்கிறார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடம் உடைந்து பெண் எழுந்து நிற்கிறாள். பங்குனித் திருவிழாவில் அதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். ஆயா பக்கத்து வீட்டு அக்காவோடு வருஷம் தவறாமல் அறுபத்து மூவர் பார்க்கப் போவாள். போகிற வழியில் யார் மோர் கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பாள். சாயந்திரம் வந்து பூம்பாவை கதையை எங்களுக்குச் சொல்லுவாள். அவளுக்கு அது அடுத்த வீட்டுக் கதை, அதாவது கிட்டத்தட்ட நம் வீட்டுக் கதை. லாசரை எழுப்பிய கதையைச் சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொல்லுவாள்.

இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லியாக வேண்டும். பழைய கபாலி கோயில் கடலோரத்தில் இருந்தது. அருணகிரிநாதர் அலை அருகில் இருக்கும் மயிலையைத்தான் பாடுகிறார். இன்று நாம் கும்பிடும் கோயில் அதற்குப் பிந்தியது. போர்ச்சுகீசியர் காலத்தில் அந்தக் கரையில் பழைய கோயிலுக்கு என்ன நடந்தது என்பதில் மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு வலி இருக்கிறது. சாந்தோமைச் சுற்றித் தோண்டிய இடங்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. என் கோயில் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்காக நான் அந்த வலியை மறைக்க மாட்டேன். ஒரே மணலில் இரண்டு பேருடைய கதையும் புதைந்திருக்கிறது.

கம்பத்துக் கதை

ஆயா சொல்லும் கதைகளில் எங்களுக்கு உயிரானது கம்பத்துக் கதை. ஆற்று முகத்துவாரத்தில் பெரிய மரம் ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. ராஜாவின் யானைகள் கட்டி இழுத்தும் அசையவில்லை. தோமையார் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அதில் கட்டி, ஒற்றை ஆளாக இழுத்துக் கரையில் போட்டார். பிறகு கோயிலுக்குப் பின்னால் ஒரு கம்பத்தை நட்டு, கடலே, இதைத் தாண்டாதே என்றார். "தாண்டுச்சா?" என்று ஆயா கேட்பாள். "தாண்டல" என்று நாங்கள் கோரஸாகக் கத்துவோம். கோயிலின் பின்பக்கம் கடலுக்கு இறங்கும் வழியில் அந்தக் கம்பம் இன்றும் நிற்கிறது. நாங்கள் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் அலையில் கால் நனைக்க விடுவாள்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆயா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். கடல் வந்தது. கம்பத்தைத் தாண்டிக் கோயிலுக்குள் வரவில்லை. குப்பத்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவந்து கோயிலுக்குள் நிறைந்தார்கள். அன்றைக்கு இரவே டிவியில் தோமையார் கம்பத்தின் புதுமை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் தெற்கே, அடையாறு முகத்துவாரத்தில், சீனிவாசபுரத்தை அதே கடல் வழித்துக்கொண்டு போனது. ஆயாவின் தங்கை அங்கேதான் இருந்தாள், மீன் கூடையோடு. மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் அவளை அடையாளம் காட்டியது ஆயாதான். கால் விரலில் போட்டிருந்த மெட்டியை வைத்து.

அதன் பிறகு ஆயா கம்பத்துக் கதையைச் சொல்லவே இல்லை. குழந்தைகள் கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுவாள். கோயிலுக்குப் போவதையும் ஜெபமாலையையும் அவள் விடவில்லை. சீசாவில் மண் குறைந்ததும் போய்த் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு கதையை மட்டும் விட்டுவிட்டாள். புதுமை என்று ஊரே கொண்டாடும்போது, அந்தப் புதுமைக்கு வெளியே நின்றவர்களை அவளால் மறக்க முடியவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை இறக்கி வைப்பது என்று யாரிடமும் கேட்காமல் அவளே பிரித்துக்கொண்டாள். புத்தகம் படித்த நான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மூடநம்பிக்கை என்று பெயர் எழுதியிருந்தேன்.

பெரியப்பாவுக்குத் திறந்த குழி

ஆயா 2007-இல் போய்ச் சேர்ந்தாள். 2022-இல் பெரியப்பா. சென்னைக் கல்லறைகளில் இடம் கிடையாது. வருடங்கள் கழிந்ததும் குடும்பக் குழியைத் திறந்து அதிலேயே அடுத்தவரை வைப்பதுதான் வழக்கம். ஆயாவின் குழியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. வீட்டு ஆம்பளை ஒருத்தர் நிற்கணும் என்றார்கள். காலை ஆறு மணிக்கு நான் போய் நின்றேன், அம்மா மடித்துக் கொடுத்த வெள்ளைத் துணியோடு.

குழி தோண்டும் அண்ணன் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு இறங்கினார். இடுப்பளவு ஆழம் வரைக்கும் மண்வெட்டி. பிறகு அதை மேலே போட்டுவிட்டுக் கையாலேயே தள்ள ஆரம்பித்தார். பெட்டி மக்கிக் கருப்பாகப் பொடிந்திருந்தது. கைப்பிடி ஒன்று கிடைத்தது, துருவேறி. ஜெபமாலையின் மணிகள் நாலைந்து, நூல் இல்லாமல். பிறகு எலும்புகள். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது, பழுப்பு நிறம், இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குக் கொஞ்சம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைத் தட்டி என் துணியில் வைத்தார். தலையை எடுக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "பெரியம்மா, உம் புள்ளை வர்றாரு. கொஞ்சம் நகந்துக்கோ" என்றார், தூங்குகிறவளை எழுப்பும் குரலில். துணியின் நாலு முனையையும் முடிந்து குழியின் தலைமாட்டில் ஓரமாக வைக்கச் சொன்னார். நான் குனிந்து வைத்தேன்.

அப்போது நான் செய்ததை இரவு வீட்டுக்கு வந்து பேன்ட் பாக்கெட்டில் கைவிட்ட பிறகுதான் கவனித்தேன். கைக்குட்டையில் ஒரு முடிச்சு. உள்ளே மண். குழியோரத்தில் குந்தி, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து முடிந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. எலும்பு ஒரு கை தூரத்தில் துணிமேல் இருந்தது. என் கை மண்ணுக்குத்தான் போனது.

ஏன் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். அந்த எலும்பைப் பார்த்தபோது எனக்குப் பயம் இல்லை, ஆனால் அது ஆயா என்று தோன்றவும் இல்லை. ஆயாவின் கை பருத்த கை, வலது கட்டைவிரலில் மீன் அரிந்த தழும்பு இருக்கும். துணியில் இருந்தது அது இல்லை. தழும்பும் கையும் எல்லாம் கரைந்து போன இடம் அந்த மண்தான்.

கதையின் கடைசிப் பக்கம்

அதற்கு ஒரு மாதம் கழித்துத் தோமாவின் பணிகள் என்ற பழைய சிரியாக் நூலை முதல் முறையாகக் கடைசிவரை படித்தேன். மூன்றாம் நூற்றாண்டு நூல், எதேசா பக்கத்தில் எழுதப்பட்டது. தோமையார் இந்தியாவுக்குப் போனதை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய கதை இதுதான். திருச்சபை இதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. பத்தொன்பது வயதில் நான் படித்தது யாரோ எழுதிய சுருக்கம். இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று தோமையார் அடம்பிடிப்பது, இயேசுவே அவரை அப்பான் என்ற வியாபாரிக்கு அடிமையாக விற்பது, அரண்மனை கட்ட குந்தபோரஸ் ராஜா கொடுத்த பணத்தை அவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் அரண்மனை பரலோகத்தில் எழும்புகிறது என்பது, இதெல்லாம் தெரிந்ததுதான். அந்த ராஜாவை வெறும் கற்பனை என்று நினைத்திருந்தவர்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் பெயர் பொறித்த காசுகள் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் கிடைத்தன என்பதும் தெரிந்ததே. கடைசிப் பக்கம்தான் எனக்குத் தெரியாது.

மஸ்தாய் என்ற ராஜாவின் கட்டளைப்படி நாலு சிப்பாய்கள் தோமையாரை மலைமேல் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். பழைய ராஜாக்களின் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். காலம் போகிறது. மஸ்தாயின் மகனைப் பேய் பிடிக்கிறது, எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. தான் கொன்றவரின் எலும்பு ஒன்றை எடுத்து மகன் கழுத்தில் கட்டலாம் என்று ராஜா கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை. சீடர்களில் ஒருவர் முன்பே எடுத்துக்கொண்டு மேற்கே போய்விட்டார். ராஜா வெறுங்கையோடு திரும்பவில்லை. எலும்பு கிடந்த இடத்து மண்ணை எடுத்து மகன் கழுத்தில் கட்டுகிறான். மகன் பிழைத்துக்கொள்கிறான்.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கல்லறை காலி என்பது நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய இரகசியமே அல்ல. கதை பிறந்தபோதே கல்லறை காலி. காலியான கல்லறையின் மண்தான் சுகப்படுத்தியது என்று சொல்லித்தான் அந்தக் கதை முடிகிறது. நூலில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. மஸ்தாய் எந்த நாட்டு ராஜா என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருக்கட்டும். எலும்பைத் தேடி வந்து மண்ணோடு திரும்பியவன் மஸ்தாய். ஆயா எலும்பைத் தேடவே இல்லை. நேரே மண்ணுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பழைய குறிப்புகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். 1523-இல் போர்ச்சுகீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினார்கள். சில எலும்புகள் கிடைத்தன, ஈட்டி முனை ஒன்று கிடைத்தது. அப்படியானால் ஓர்த்தோனாவில் இருப்பது என்ன என்ற சண்டைக்கு அந்த எலும்புகளைத்தான் எல்லோரும் இழுப்பார்கள், நானும் இழுத்திருக்கிறேன். கூடவே ஒரு மண்பானை கிடைத்தது என்பதை நான் கண் ஓட்டிக் கடந்திருக்கிறேன். பானை நிறைய மண். யாரோ, எந்த நூற்றாண்டிலோ, கல்லறைக்குள் ஒரு பானையில் மண்ணை நிரப்பி வைத்திருக்கிறார்கள். எலும்புக்குச் சமமாக அதையும் காப்பாற்றியிருக்கிறார்கள். பூம்பாவையின் குடம் நினைவுக்கு வருவதை என்னால் தடுக்க முடியவில்லை.

அந்தத் தோண்டலுக்குச் சில வருடம் முன்னால் இந்தக் கரையைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா சொல்லும் ஓர் ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கோயில் பாதி இடிந்து கிடக்கிறது. கிறிஸ்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஓர் ஏழை முஸ்லிம் அதைப் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர் போகிறவரிடம் பிச்சை கேட்டு, அந்தக் காசில் எண்ணெய் வாங்கி, இரவில் விளக்கு எரியவைக்கிறார். பெயர் இல்லை, அவரைப் பற்றி வேறு எதுவும் இல்லை. அவருக்கு ஓர்த்தோனாவைத் தெரிந்திருக்காது. உள்ளே எலும்பு இருக்கிறதா என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. போன வருடம் ஒரு செவ்வாய் மத்தியானம் கல்லறைக்கு இறங்கிப்போய், கண்ணாடிக்குள் படுத்திருக்கும் தோமையார் உருவத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் புர்கா போட்ட ஒரு அம்மா மடியில் தூங்கும் குழந்தையோடு இருந்தார். குழந்தையின் நெற்றியை அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எழுந்து போகும்போது தரையைத் தொட்டு அந்த விரலைக் குழந்தையின் தலையில் வைத்தார். அங்கே இப்போது வழவழவென்ற தளம்தான், மண் இல்லை. ஆனாலும் வைத்தார்.

போன மாதம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். 1999-இல் நடந்ததை அதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆயா என்னைப் பற்றி ஏதாவது வருத்தப்பட்டாளா என்று கேட்டேன். அம்மா சமையல் மேடையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. "ஒண்ணும் சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல" என்றாள். அந்தச் சீசா எங்கே என்று கேட்டேன்.

"அது எப்பவோ காலி. உனக்குத்தான் முக்காவாசி தீந்துச்சு."

"எனக்கா? நான்தான் வேணாம்னுட்டேனேம்மா."

"நீ வேணாம்ன. அவ உட்டாளா? சுக்குக் காபியில போட்டுக் கலக்கித்தான் எடுத்தாருவா. பனவெல்லம் பூரா மண்ணு, வடிகட்டக் கூடாதான்னு அவளப் போட்டுத் திட்டுவியே."